நான்காம் பதிப்பில் கோபம் கிடையாது

எங்கள் விளையாட்டில் யாரும் யாரையும் சுடமாட்டார்கள். ஆட்டை அறுத்து, அவித்து, பெரிய தட்டில் வைத்து விருந்தாளிகளுக்குப் பங்கு வைக்க வேண்டும், அவ்வளவுதான். தலை யாருக்கு, இடுப்பெலும்பு யாருக்கு, மருமகனுக்கு மார்புக்கறி போனதா, வாசலுக்கு எதிரே உயர்ந்த இடத்தில் யார், கதவோரம் யார். இதில் ஒன்று பிசகினாலும் விருந்தாளி கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். போய்த் தன் யூர்த்தின், அதாவது வட்டமான கம்பளிக் கூடாரத்தின், கதவைச் சாத்திக்கொள்வார். அதற்குப் பிறகுதான் விளையாட்டே ஆரம்பிக்கிறது.

விருந்துச் சாப்பாட்டுக்கு விரிக்கும் துணியின் பெயரையே, 'தஸ்தர்கான்' என்று, வைத்திருந்தோம். விருந்தாளிகள் எல்லோரும் உண்மையான ஆட்கள், அவரவர் வீட்டில் அவரவர் கைபேசியோடு. கோபித்துக்கொண்டு போனவரைச் சமாதானப்படுத்த, விருந்து வைத்தவர் ஒரு மேலங்கியோ குதிரையோ கொண்டுபோய் அவர் வாசலில் நிற்க வேண்டும். எவ்வளவு நேரம் என்றால், உள்ளே இருப்பவருக்கு மனம் இளகும் வரை. நிற்பவர் அவ்வப்போது விளையாட்டைத் திறந்து தன் ஆளைத் தொட்டுவிட்டுப் போகவேண்டும், இல்லாவிட்டால் குதிரை வீட்டுக்குத் திரும்பிவிடும். நிற்க நிற்க மேலே பனி விழும். முதலில் காலணி மறையும், பிறகு கணுக்கால். உள்ளே இருப்பவர் டீ குடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இந்த விதியை உண்டாக்கியவன் நான்தான். எந்தப் புத்தகத்திலும் படித்து எடுக்கவில்லை. எனக்குக் கல்யாணமாகி ஒரு மாமனார் இருக்கிறார்.

அல்மாட்டி நகரில் பல் மருத்துவர் ஒருவரின் தலைக்கு மேலே எங்கள் அலுவலகம். பையன்கள் விளையாடுவார்கள் என்று நினைத்துத்தான் வெளியிட்டோம். ஒரு பையனும் வரவில்லை. ஓய்வுபெற்ற டீச்சர்கள் வந்தார்கள், டாக்ஸி ஓட்டுபவர்கள் வந்தார்கள், சம்பந்தியோடு பேச்சில்லாதவர்கள் நாடு முழுவதிலிருந்தும் வந்தார்கள். டாக்ஸி ஓட்டுபவர் சிவப்பு விளக்கில் நிறுத்திவிட்டு, "என் மச்சினன் நிக்கிறான் பாருங்க, முழங்கால் வரைக்கும் பனி" என்று பின்சீட்டில் இருப்பவருக்குக் காட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். அவ்வளவு ஆனந்தம் அந்த முகத்தில்.

என் மாமனார் எலுபாய், கஸ்கெலேங்கில் பஸ் டெப்போ மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முன்பெல்லாம் என்னை, "கம்ப்யூட்டர்ல என்னமோ பண்றான்" என்று அறிமுகப்படுத்துவார். சொல்லும்போதே பார்வை வேறு பக்கம் போய்விடும். தஸ்தர்கான் வந்த பிறகு, "அந்தக் கதவைக் கண்டுபிடிச்சது நம்ம மாப்பிள்ளைதான்" என்று தெருவுக்கே சொல்ல ஆரம்பித்தார்.

அவருக்கு ஷெலெக்கில் ஒரு தம்பி, பைமுராத். அந்தத் தம்பியின் மகன் கல்யாணத்தில், அண்ணனுக்கு வைக்க வேண்டிய ஆட்டுத்தலையை யாரோ ஒரு துணை ஆட்சியருக்கு முன்னால் வைத்துவிட்டார்கள். மாமனார் கரண்டியை வைத்தார், தொப்பியைப் போட்டார், எழுந்து வந்துவிட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. போன் செய்தால் முதலில் பேசியது யார் என்று ஆகிவிடும், கடிதம் போட்டால் முதலில் எழுதியது யார் என்று ஆகிவிடும். ஆனால் விளையாட்டில் விருந்துக்குக் கூப்பிடுவது பேச்சில் சேராதாம். இப்படி ஒரு விளக்கத்தை இருவருமே தனித்தனியாகக் கண்டுபிடித்திருந்தார்கள். அண்ணன் தம்பி அல்லவா.

இந்த இலையுதிர் காலத்தில் பைமுராத் விளையாட்டுக்குள் அண்ணனை விருந்துக்குக் கூப்பிட்டார். மாமனாரும் போய் உட்கார்ந்தார். பைமுராத்துக்குத் தடித்த விரல். தலையை இழுத்து அண்ணனுக்கு முன்னால் வைக்கப்போனவர் தோள்பட்டையை இழுத்து வைத்துவிட்டார்.

"ரெண்டாவது தடவை," என்றார் மாமனார், எங்கள் எல்லோரையும் சுற்றிப் பார்த்து. "பாத்தீங்கல்ல? ரெண்டாவது தடவை." என் கல்யாணத்தில்கூட அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் காலையில் பைமுராத்தின் ஆள் குதிரையோடு வாசலில் வந்து நின்றது. அன்றிலிருந்து ஒவ்வொரு டீக்கும் கைபேசி தஸ்தர்கான் விரிப்பின் நடுவில், எண்ணெயில் பொரித்த பவுர்சாக் ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். "நிக்கிறான்," என்பார். வேறொன்றும் சொல்லமாட்டார். இன்னொரு பவுர்சாக் எடுத்துக்கொள்வார்.

இந்த நிலைமையில்தான் என் மகன் நடக்க ஆரம்பித்தான். நடக்கத் தொடங்கிய பிள்ளையின் காலில் கயிற்றைக் கட்டி, மனதுக்குப் பிடித்த ஒருவர் கையால் வெட்டச் சொல்லி விருந்து வைக்க வேண்டும். சனிக்கிழமை, மாமனார் வீட்டில் என்று முடிவாகிவிட்டது. கயிறு வெட்ட பைமுராத் சித்தப்பாதான் வரவேண்டும் என்று என் மனைவி மக்பால் ஒற்றைக்காலில் நின்றாள். சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவர் அவர்.

"அப்பாகிட்ட நீ பேசு," என்றாள்.

"நான் பேசினா கேப்பாரா?"

"கதவைக் கண்டுபிடிச்சவன் நீதானே. திறக்கவும் நீயே சொல்லு."

நான் வாயைத் திறப்பதற்கு முன்பே மாமனார் என்னைத் தொழுவத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்தி, "வெள்ளிக்கிழமை திறக்கலாம்னு இருக்கேன், மாப்பிள்ளை. சனிக்கிழமை அவன் வந்துருவான். உன் மாமியார்கிட்ட சொல்லிராத, இப்பவே திறன்னு உயிரை எடுப்பா" என்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. மரியாதைக்குறைவு என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் சிங்கிஸ் கூட்டம் போட்டார்.

சிங்கிஸ் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து எங்களுக்குத் தலைவரானவர். ஆட்டக்காரர் மகிழ்ச்சித் துறை இயக்குநர் என்று கதவில் எழுதியிருக்கும். அந்தத் துறையில் வேறு யாரும் கிடையாது. பெயர் என்னவோ ஊர் ஊராகப் படையெடுத்து எரித்த சக்கரவர்த்தியின் பெயர், ஆனால் யார் மனமும் நோகக்கூடாது என்பது அவர் கொள்கை. திரையில் ஒரு சிவப்புக் கோடு காட்டினார்.

"இது என்ன தெரியுதா? நம்ம ஆட்டக்காரங்கள்ல பாதிப் பேர் எந்நேரமும் கோபமா இருக்காங்க. மீதிப் பேர் வாசல்ல நிக்கிறாங்க. ஒருத்தராவது சந்தோஷமா இருக்காங்களா?"

"எல்லாருமே சந்தோஷமாத்தான் இருக்காங்க," என்றேன்.

"கோபமா இருக்காங்கன்னு இங்க போட்டிருக்கே, கைசர்."

"கோபமா இல்ல. கோவிச்சுக்கிட்டு இருக்காங்க. அது வேற."

"என்ன வேற?"

"கோபம் தானா வரும். கோவிச்சுக்கறது நாமளாப் பாத்து எடுத்துக்கறது. நல்லா ருசிச்சு எடுத்துக்கறது."

அவர் இதைக் குறித்துக்கொள்ளவில்லை. அவரிடம் ஏற்கெனவே ஆதாரம் இருந்தது. ஆட்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, வாசலில் காத்து நிற்கப் பிடிக்குமா என்று கேட்டிருக்கிறார். பிடிக்காது என்றிருக்கிறார்கள். சமாதானமாகப் போக விருப்பமா என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்றிருக்கிறார்கள். பின்னே, இல்லை என்றா சொல்வார்கள்? நம் ஆட்களிடம் பசிக்கிறதா என்று கேட்டாலே இல்லை என்பார்கள், பிறகு முழு ஆட்டைச் சாப்பிடுவார்கள். இதை எந்தக் கோட்டில் போட்டுக் காட்டுவது?

"எங்க அம்மா என்கிட்ட பேசறதில்ல," என்றார் சிங்கிஸ் திடீரென்று. எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், முகத்தைத் தெரியாததுபோல வைத்துக்கொண்டோம். "நான் போய் வாசல்லயா நின்னேன்? ஆப்ல பூ அனுப்பினேன். முடிஞ்சுது."

"பேசிட்டாங்களா?"

"இன்னும் இல்ல. ஆனா பூ போய்ச் சேர்ந்துட்டுதுன்னு மெசேஜ் வந்துது."

நான்காம் பதிப்பு இப்படித்தான் பிறந்தது. எந்த எலும்பை யாருக்கு வைத்தாலும் விருந்தாளி கைதட்டுவார். யார் எங்கே உட்கார்ந்தாலும் கைதட்டுவார். யூர்த்துக்குக் கதவு இருக்கும், சாத்த முடியாது. புதுப்பதிப்பின் பரிசாக, வியாழக்கிழமை காலை நிலுவையில் இருக்கும் கோபங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தீர்க்கப்படும், கதவுகள் தாமாகத் திறந்துகொள்ளும், வாணவேடிக்கை நடக்கும்.

மாமனார் வெள்ளிக்கிழமை என்றல்லவா நாள் குறித்திருந்தார். "நிலுவையில இருக்கறத மட்டும் சனிக்கிழமை வரைக்கும் விட்டு வைங்க," என்றேன்.

"ஏன்?"

"சில பேர் அவங்களாத் திறக்கலாம்னு இருக்காங்க."

"அவங்க சிரமப்பட வேண்டாம். நாமளே திறந்து விட்டுருவோம்," என்றார் பெருந்தன்மையோடு. விளம்பரம் எல்லாம் வியாழக்கிழமைக்கு ஏற்பாடாகிவிட்டதாம்.

அன்று சாயங்காலமே மாமனாருக்குப் போன் செய்தேன்.

"மாமா, அந்தக் கதவை இன்னிக்கே திறந்துருங்களேன்."

"ஏன், அவன் உனக்கு ஏதாவது லஞ்சம் குடுத்தானா?"

"விளையாட்டை மாத்தறாங்க மாமா. வியாழக்கிழமை கதவெல்லாம் தானாத் திறந்துக்கும்."

கொஞ்ச நேரம் அவர் சிரித்தார். பஸ் டெப்போவில் நாலு டிரைவர்களை ஒரே நேரத்தில் அடக்கிய சிரிப்பு அது. "என் கதவு. என்னைக் கேக்காம எவன் திறப்பான்? அவசரப்படுத்தாத, மாப்பிள்ளை. பனி இப்பத்தான் கணுக்காலைத் தாண்டியிருக்கு. முழங்கால் வரட்டும், அதுதான் அழகு."

நான் இன்னும் வற்புறுத்தியிருக்கலாம். மருமகன் மாமனாரை வற்புறுத்தும் வழக்கம் எங்களிடம் கிடையாது. செவ்வாயன்றும் புதனன்றும் மக்பால் தன் பங்குக்குச் சொல்லிப் பார்த்தாள். முழங்கால், முழங்கால் என்றே பதில் வந்தது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நாட்டில் இருந்த கதவுகள் எல்லாம் திறந்துகொண்டன. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். நான் கேக்கை வாயில் வைக்கும்போது போன் அடித்தது.

"மாப்பிள்ளை," என்றார் மாமனார். "என் கதவைத் திறந்தது யாரு?"

"மாமா..."

"நான் தூங்கிட்டிருந்தேனா? செத்துட்டேனா? என் தம்பிய நான் மன்னிக்கறதுக்கு நீங்க யாருடா?" என்னை அவர் 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. வலித்தது. வைத்துவிட்டார்.

அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு மக்பாலையும் குழந்தையையும் அள்ளிப் போட்டுக்கொண்டு கஸ்கெலேங் போனேன். மாமனார் கைபேசியைத் தலையணைக்கு அடியில் திணித்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மாமியார், "காலைலேருந்து டீகூடக் குடிக்கல. சனிக்கிழமை யாரும் இங்க வர வேணாம்னு சொல்றார்" என்றாள். மக்பால் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான்காம் பதிப்பில் இடம் கிடையாது.

அப்போதுதான் தெருவில் ஹாரன் சத்தம் கேட்டது. ஒரு பழைய வெள்ளை நிவா ஜீப். பின்சீட்டில் ஒரு உயிருள்ள ஆடு. முன்னால் பைமுராத், கோட்டும் புதுத் தொப்பியுமாக, முகமெல்லாம் சிரிப்பு. ஷெலெக்கிலிருந்து ஒரே மூச்சில் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

"அண்ணே," என்று தெருவிலிருந்தே கத்தினார். "வந்துட்டேன் அண்ணே."

மாமனார் என்னைவிட வேகமாக முற்றத்தைக் கடந்துபோய் இரும்பு கேட்டின் தாழ்ப்பாளைப் போட்டார். போட்டுவிட்டு, தம்பிக்குக் கேட்காது என்பதுபோல என்னிடம் சொன்னார். "அவன்கிட்டச் சொல்லு, நான் மன்னிக்கல."

நான் கேட்டுக்குப் பக்கத்தில் போய், "சித்தப்பா, மாமா மன்னிக்கலையாம்" என்றேன்.

"மன்னிச்சாச்சுன்னு இதுல எழுதியிருக்கே." கேட்டின் மேலாகக் கைபேசியைத் தூக்கிக் காட்டினார். "பாரு, 'உங்கள் உறவு சீரானது.' பட்டாசுகூட வெடிச்சாங்க. நூறு பொற்காசு வேற குடுத்தாங்க."

"அந்த நூறு காசையும் திருப்பிக் குடுக்கச் சொல்லு," என்றார் மாமனார்.

"செலவாயிடுச்சே. குதிரைக்கு ஒரு சேணம் வாங்கிட்டேன்."

"அதை எழுதினது யாருன்னு கேளு அவனை. நானா எழுதினேன்?"

நான் கேட்கத் தேவையிருக்கவில்லை. கேட்டின் கம்பிகள் வழியே பைமுராத்தின் முகம் தெரிந்தது. சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கிப் போயிற்று. என்னைப் பார்த்து, "அப்ப இது அண்ணன் இல்லையா?" என்றார்.

"இல்ல, சித்தப்பா. எங்க ஆபீஸ்."

அந்த நிமிஷத்தில் என் தொழில் மேல் எனக்கு வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமல்ல. வாசலில் காத்து நின்ற மனிதனுக்கு ஒரு பொய்யைப் பரிசாகக் கொடுத்து இவ்வளவு தூரம் ஓட்டி வரவைத்திருக்கிறோம்.

பைமுராத் நிவாவுக்குத் திரும்பிப் போனார். கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். கதவைத் திறந்து, ஆட்டுக்குக் காற்று வரும்படி கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, திரும்பி வந்து கேட்டுக்கு எதிரே நின்றார். விளையாட்டில் தன் ஆள் நின்றதுபோலவே நின்றார்.

மாமனார் உள்ளே போய் ஜன்னல் திரைக்குப் பின்னால் இடம் பிடித்தார்.

"நிக்கிறானா?"

"நிக்கிறார்," என்றேன்.

"கையை எங்க வச்சிருக்கான்?"

"கோட்டுப் பையில."

"அப்ப நிக்கட்டும்."

சற்று நேரம் கழித்து, "வெளிய எடுத்துட்டார்" என்றேன்.

"ரெண்டு கையுமா?"

"ரெண்டும்."

"ம்." மாமியார் பக்கம் திரும்பினார். "டீ போடு." காலையிலிருந்து முதல் டீ. மாமியார் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டிவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள். ஜன்னலோரம் உட்கார்ந்து மாமனார் அதை மிடறு மிடறாகக் குடித்தார். அவர் கைபேசி தலையணைக்கு அடியில் கிடந்தது, அதை அவர் தேடவே இல்லை.

தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரி ஒரு கிண்ணத்தில் டீ கொண்டுவந்து நீட்டினாள். பைமுராத் வாங்கவில்லை. "நிக்கும்போது குடிச்சா நின்னதுல சேராதும்மா," என்றார். அவள் புரிந்துகொண்டு, கிண்ணத்தைத் திரும்பக் கொண்டுபோனாள். அவளும் விளையாடுபவள்தான். நல்ல குளிர். மலையிலிருந்து இறங்கிய காற்று தெருப் புழுதியை அவர் புதுத் தொப்பி மேல் அள்ளிப் போட்டது. அவர் தட்டிவிடக்கூட இல்லை.

என் போன் அடித்தது. சிங்கிஸ்.

"கைசர், ஒரு நல்ல செய்தி. கோபம் பூஜ்யம். சரித்திரத்துலயே முதல் தடவை. சுத்தமாப் பூஜ்யம்."

"சந்தோஷம்."

"ஆனா ஒரு சின்ன விஷயம். மத்தியானத்துலேருந்து யாரும் உள்ள வரல."

"யாருமேவா?"

"வர்றாங்க. கதவு திறந்திருக்கறதப் பாக்கறாங்க. போயிடறாங்க. ரொம்பச் சந்தோஷமா இருக்காங்க போல, விளையாடத் தோண மாட்டேங்குது. நீங்க என்ன நினைக்கிறீங்க? கைதட்டற சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டலாமா?"

"இப்ப என் கண்ணு முன்னால ஒரு ஆட்டக்காரர் இருக்கார்," என்றேன்.

"அப்படியா? என்ன பண்றார்?"

"நிக்கிறார்."

"நிக்கிற வசதியத்தான் எடுத்துட்டோமே," என்றார் சிங்கிஸ், உண்மையாகவே குழம்பிப்போய். நான் போனை அணைத்துவிட்டேன்.

வெயில் சாய ஆரம்பித்தபோது, நிற்க ஆரம்பித்த பிறகு முதல்முறையாக, பைமுராத் அண்ணனிடம் பேசினார். சத்தமாக அல்ல, கேட்டைப் பார்த்து. ஜன்னல் திறந்திருந்ததால் எங்களுக்குக் கேட்டது.

"அண்ணே, அன்னிக்கு அந்தத் தலைய நான்தான் அங்க வைக்கச் சொன்னேன். தட்டு மாறிப் போச்சுன்னு ஊரெல்லாம் சொன்னேன், மாறல. பையனுக்கு வேலை கேட்டிருந்தேன் அந்த ஆள்கிட்ட. நீ என் அண்ணன், நீ எங்க போயிடுவ, அவர் கோவிச்சுக்கிட்டா வேலை போயிடும்னு நினைச்சேன்."

மாமனார் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"வேலையும் கிடைக்கல," என்றார் பைமுராத். "நீயும் போயிட்ட."

மாமனார் எழுந்தார். உள்ளறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து, விருந்துக்குப் போடும் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டார். மாமியார் பொத்தானைப் போட்டுவிட வந்தாள், கையைத் தட்டிவிட்டு அவரே போட்டார். நாங்கள் யாரும் அசையவில்லை. முற்றத்தில் இறங்கி நடந்தார். தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது. நான் உதவிக்கு ஓடினேன்.

"கிட்ட வராத, மாப்பிள்ளை," என்றார் திரும்பாமலே. "இன்னொருத்தன் தொடக்கூடாது."

இரண்டு கையாலும் இழுத்தார். கேட் கத்திக்கொண்டு திறந்தது.

"உள்ள வா," என்றார். "குளிருது."

பைமுராத் வரவில்லை. திறந்த கேட்டுக்கு வெளியே, ஒரு அடி தள்ளி, அப்படியே நின்றார். காலையில் ஒருதரம் ஏமாந்தவர். அண்ணனைப் பார்த்தார், அண்ணனுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார், மறுபடி அண்ணனைப் பார்த்தார்.

"இதைத் திறந்தது நீதானே அண்ணே?"

"நான்தான்."

"நீயேவா?"

மாமனார் இரண்டு கைகளையும் விரித்து அவர் முன்னால் நீட்டினார். உள்ளங்கை முழுக்கத் தாழ்ப்பாளின் துரு அப்பியிருந்தது. பைமுராத் குனிந்து அதை நன்றாகப் பார்த்தார். பிறகு அந்த இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் எடுத்துக்கொண்டார், வெகுநேரம் விடவில்லை.